கசியும் எண்ணெயில் விரல் வைக்காதீர்



"டிரஸ்ஸருக்கும் டிராக்டருக்கும் என்னய்யா சம்பந்தம்? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி, இதைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு ஆயில் சீலைப் பற்றி எழுத வந்துவிட்டாரே" என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. டிராக்டரின் எண்ணெய்க் கசிவைப் பார்க்கப் போனவர், கடைசியில் என் மேசைக்கு முன்னால்தான் வந்து உட்காருகிறார். அதனால் எழுதுகிறேன்.

திரிங்காப் பக்கத்தில் ஒரு தம்பி என்னிடம் இப்படிக் கேட்டார்: "ஐயா, திடலில் புல் வெட்டுற சின்ன டிராக்டருக்குக் கீழே எண்ணெய் சொட்டுது. போர்மன் வர ரெண்டு வாரமாகும்னு சொல்றாங்க. நானே பிரிச்சுப் பார்க்கலாமா?" பார்க்கலாம், தப்பில்லை என்றேன். ஆனால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். "அதென்ன பெரிய வித்தை? கையாலே தடவிப் பார்த்தா ஈரம் தெரிஞ்சிடுமே" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்த யந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். பழைய டிராக்டரில் கிளட்ச் மிதித்து, பல்சக்கரத்தை மாற்றி ஓட்டினோம். இப்போது வரும் சின்ன டிராக்டர்கள் பலவற்றில் கிளட்ச் கிடையாது. ஒரு பெடலை முன்னே அழுத்தினால் முன்னே போகும், பின்னே அழுத்தினால் பின்னே வரும். இதற்கு ஹைட்ரோஸ்டாட்டிக் கியர் என்று பெயர். நம் பிள்ளைகள் சுருக்கமாக 'ஹைட்ரோ' என்பார்கள். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1965ஆம் ஆண்டிலேயே தன்னுடைய கப் கேடட் தோட்ட டிராக்டரில் இதை வைத்து விற்றது. இன்று கூபோத்தா போன்ற ஜப்பான் டிராக்டர்களிலும் இது சாதாரணமாகிவிட்டது.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. வேலை முடிந்த எண்ணெய் மறுபடியும் பம்புக்கே வந்துவிடும். பம்புக்குள்ளே சாய்ந்த தட்டு ஒன்று இருக்கிறது. பெடலை அழுத்த அழுத்த அந்தத் தட்டு சாய்ந்து, அதிக எண்ணெயைத் தள்ளும். ஆக, பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இரும்புப் பல் எதுவும் கிடையாது; எண்ணெய் மட்டும்தான். ஒரு மனிதரையும் ஒரு வண்டி மண்ணையும் மேட்டில் ஏற்றுவது அந்த எண்ணெய் என்றால், அது எவ்வளவு அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்கு சொல்கிறேன். காரின் டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குச் சற்று மேலே காற்று இருக்கும். நாம் முதுகில் சுமக்கும் மருந்துத் தெளிப்பானில் ஏறக்குறைய 40, 50 பவுண்டு. பாரம் இழுக்கும்போது இந்த ஹைட்ரோ கியரின் உள்சுற்றில் எண்ணெயின் அழுத்தம் 1,000 பவுண்டு, 2,000 பவுண்டு, அதற்கு மேலும் போகும். மனிதத் தோலைத் துளைக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? 100 பவுண்டு போதும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

வீட்டில் இடியாப்பம் பிழிகிறோமே, அதே சங்கதிதான். மேலே கனமாக அழுத்துகிறோம். கீழே ஊசித் துளை வழியாக நூலாக இறங்குகிறது. ரப்பர் ஹோசில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் அதன் வழியே வரும் எண்ணெயும் அப்படித்தான் வரும். ஆனால் அது வரும் வேகத்துக்கு நம் தோல் ஒரு தடையே அல்ல. பல சமயம் புகை மாதிரி, பனி மாதிரி மெல்லிசாகத் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது.

இவ்விடத்தில் நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாக் கசிவும் அப்படிப்பட்டதல்ல. புல் வெட்டும் சின்ன டிராக்டரில் பம்பும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். கனமான அழுத்தம் அந்தப் பெட்டியின் உள்வயிற்றில் அடங்கிவிடும். அச்சாணிப் பக்கம் சொட்டுச் சொட்டாக விழுவது பெரும்பாலும் அழுத்தமில்லாத எண்ணெய். ஆனால் அதைவிடச் சற்றுப் பெரிய டிராக்டரில் பம்பு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம் இருந்து, நடுவே ஹோஸ் ஓடுவதும் உண்டு. முன்னால் மண் வாரும் வாளி இருந்தால் அதற்கும் ஹோஸ். ஸ்டீரிங்குக்கும் ஹோஸ். எந்த ஹோசில் எவ்வளவு அழுத்தம் என்று வெளியே எழுதி ஒட்டியிருக்காது. கீழே சொட்டுவதைப் பார்த்து, மேலே எங்கே ஓட்டை என்று சொல்லவும் முடியாது. எண்ணெய் வழிந்து எங்கெங்கோ ஓடிப்போய்ச் சொட்டும்.

இனி, என் சொந்தக் கதை ஒன்று. சொல்வதற்கு எனக்குப் பெருமையில்லை.

இருபது வருஷத்துக்கு முன்பு, நான் இந்த உத்தியோகத்துக்குப் புதிது. கீழ்நாட்டில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். காலை பத்து மணிக்கு ஒரு டிராக்டர் ஓட்டுநர் வந்தார். இடது கை ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. "முள்ளு குத்தின மாதிரி இருக்கு டிரஸ்ஸரே, லேசா எரியுது" என்றார். நான் மருந்துத் தண்ணீரால் கழுவி, பிளாஸ்டர் ஒட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு, ரெண்டு பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரும் வேலைக்குப் போய்விட்டார். என்ன வேலை செய்துகொண்டிருந்தபோது இது நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கசிவைத் தேடி ஹோஸ் மேலே விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறார், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இரவு ஒன்பது மணிக்கு அவர் மனைவி என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தேன். விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளங்கை பலகை போல இறுகியிருந்தது. விரல் நுனி வெளுத்துப்போய், தொட்டால் உணர்ச்சியில்லை. அந்த மனிதர் மரம் தூக்குகிறவர். வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து வேனில் ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நள்ளிரவு தாண்டித்தான் டாக்டர்கள் கையைத் திறந்தார்கள். உள்ளங்கை வரைக்கும் எண்ணெய் ஓடியிருந்தது. மூன்று முறை அறுவை செய்தார்கள். ஆனாலும் விரலில் பாதிக்கு மேல் போய்விட்டது.

பிறகொரு நாள் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "காலையிலேயே அனுப்பியிருந்தா வெரல் இருந்திருக்குமா டிரஸ்ஸரே?" இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடிந்தது. அன்று முதல், யார் சின்னக் காயத்தோடு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, 'கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?' என்பதுதான்.

அப்படி என்னதான் நடக்கிறது உள்ளே? விரலில் சதை குறைவு. தோல், நரம்பு, ரத்தக் குழாய், எலும்பு எல்லாம் நெருக்கமாகக் கட்டிவைத்தது போலிருக்கும். விரலை மடக்கி நீட்டும் தசைநாண் ஒரு குழாய் மாதிரியான உறைக்குள் ஓடுகிறது. வேகமாக நுழைந்த எண்ணெய் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு, மழைத் தண்ணீர் கால்வாயில் ஓடுவது போல உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடிவிடும். போன எண்ணெய் திரும்பி வர வழியில்லை. அது இடத்தை அடைத்துக்கொண்டு ரத்தக் குழாயை நசுக்குகிறது. ரத்தம் போகாத சதை சாகத் தொடங்குகிறது. எண்ணெயிலுள்ள ரசாயனமும் சதையை அரிக்கும். அதற்குமேல் அழுக்கும் கிருமியும் சேர்ந்தால் சீழ் பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒரே ஒரு புள்ளி. முதல் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் வலியும் அதிகமிருக்காது. ஆளை ஏமாற்றுவது இதுதான். பாராங் வெட்டினால் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவருவோம். இதற்கு யாரும் ஓடி வருவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயல்ல. டீசல் இன்ஜினின் எண்ணெய் பீச்சும் முனையால் கைக்குள் எண்ணெய் பாய்ந்த ஒரு காயத்தைப் பற்றி 1937ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கையில் இந்த மாதிரிக் காயம்பட்ட 435 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நூற்றுக்கு 30 பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டி வந்திருக்கிறது. பெயிண்ட், தின்னர் போன்றவை உள்ளே போனால் இன்னும் மோசம். அவற்றுக்கு ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களுக்கு இழப்பு குறைந்திருக்கிறது. அதிகமாக அடிபடுவது எந்த விரல் தெரியுமா? வலது கைக்காரருக்கு இடது ஆள்காட்டி விரல். வலது கையில் ஸ்பேனர் இருக்கும், இடது கைதான் தடவிப் பார்க்கும். என்னிடம் வந்தவரின் விரலும் அதுதான்.

சரி, இனி அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். டிராக்டரை எப்படிப் பார்ப்பது?

முதலில் சமதளம். நம் மேட்டில் இது லேசுப்பட்ட காரியமில்லை, ஆனால் கட்டாயம். ஹைட்ரோ டிராக்டர் மேட்டில் நிற்பதற்கும் பாதி காரணம் அந்த எண்ணெய்தான். எண்ணெய் குறைந்துபோனால் பெடலை விட்டாலும் வண்டி நிற்காமல் இறங்கும். அதோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று ஒரு பைபாஸ் லீவர் இருக்கிறது. அதைத் திறந்துவிட்டால் கியர் பிடிப்பே இருக்காது; கை பிரேக் ஒன்றுதான் காவல். ஆகவே கசிகிற டிராக்டரைச் சரிவில் ஓட்டவே ஓட்டாதீர்கள். சரிவில் ஜாக்கி போடாதீர்கள். சமதளத்திலும் கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கிய பிறகு கீழே இரும்பு முக்காலி கொடுத்துத்தான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கல்ல.

இன்ஜினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். வாளி இருந்தால் தரையில் இறக்குங்கள். பெடலையும் லீவரையும் நாலைந்து தடவை முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே தங்கிய அழுத்தம் இறங்கும். பிறகு வண்டி ஆறட்டும். வேலை செய்த டிராக்டரின் எண்ணெய் தோலைச் சுடும் அளவுக்குக் கொதித்திருக்கும். ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவசரமில்லை.

அப்புறம் கழுவுங்கள். மண்ணும் புல்லும் எண்ணெயும் கலந்து கெட்டியாகிவிட்ட பெட்டியில் எந்தக் கசிவும் தெரியாது. பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமுள்ள இடமெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிடுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நிறுத்திவிட்டுப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் நனைந்து கறுத்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. வீட்டுக்காரம்மாவின் பவுடர் டப்பா குறைந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

ஹோசில்தான் சந்தேகம் என்றால், ஒரு நீளமான குச்சியின் முனையில் அட்டையைக் கட்டி, இன்ஜின் ஓடும்போது ஹோஸ் நெடுகிலும் ஓர் அடி தள்ளிக் காட்டுங்கள். மேகி பெட்டி அட்டை போதும். எண்ணெய் பீச்சினால் அட்டையில் கோடு விழும். கண்ணுக்கு மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் தோலின் கதிதான். கையுறை போட்டிருக்கிறேனே என்று விரலை நீட்டாதீர்கள். துணிக் கையுறையும் ரப்பர் கையுறையும் அந்த வேகத்துக்குக் காகிதம் மாதிரி. மழைச்சட்டைத் துணியைச் சுற்றிக்கொண்டு கையால் அமுக்கிப் பிடிப்பது அதைவிட மோசம். இணைப்பில் கசிகிறதென்று இன்ஜின் ஓடும்போதே நட்டை முறுக்குவதும் கூடாது.

காரணம் பல வகை. நான் பார்த்தவரையில் நம் பக்கத்தில் முக்கியமான எதிரி நைலான் கயிறு. காய்கறிக் கொல்லையில் பந்தல் கட்டும் கயிறு, பிளாஸ்டிக் கூரையிலிருந்து பிய்ந்த நார், இவை அச்சாணியில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்ற உள்ளே புகுந்து ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் சீலுக்குப் பக்கத்தில் நூல்கண்டே இருக்கும். நாரை எடுத்துவிட்டுப் புது சீல் போட வேண்டும். அச்சாணியில் கீறல் இருந்தால் மெல்லிய மணல் காகிதத்தால் வழவழப்பாக்கி, சீலின் உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி, கோணாமல் தட்டி இறக்க வேண்டும். கோணலாக இறங்கிய புது சீல், பழைய சீலை விடச் சீக்கிரம் கசியும்.

சீலெல்லாம் நன்றாக இருந்தும் கசிகிறதா? பெட்டியின் மேலே மூச்சு விடும் துளை ஒன்று இருக்கும், அது மண்ணால் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். எண்ணெய் சூடேறினால் விரியும். மூச்சு விட வழியில்லாமல் சீல் வழியாகத் தள்ளும். அல்லது யாராவது நல்ல மனதோடு எண்ணெயை விளிம்பு வரை ஊற்றியிருப்பார்கள். அதுவும் சூட்டில் வழிந்து கசிவு மாதிரி காட்டும். பில்டர் மாற்றிய மறுநாளே கசிந்தால், பழைய ரப்பர் வளையம் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேலே புது வளையம் உட்கார்ந்திருக்கும். மேலே உரசிய, வெடித்த, உப்பிய ஹோசை மாற்றத்தான் வேண்டும். டேப் சுற்றுவதும் சைக்கிள் டியூப் கட்டுவதும் வைத்தியமல்ல. பெட்டியைப் பிளந்து பம்பைத் திறக்கும் வேலையை மட்டும் போர்மனுக்கு விட்டுவிடுங்கள். உள்ளே தூசி ஒரு துளி போனாலும் பம்பு போய்விடும்.

எண்ணெய் ஊற்றும்போது டிராக்டரின் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சில கம்பெனி நாம் மினியாக் ஈத்தாம் என்று சொல்லும் இன்ஜின் எண்ணெயையே கேட்கும். சில கம்பெனி தனி எண்ணெய் கேட்கும். ரெண்டையும் கலந்தால் கெடும். ஊற்றிய பிறகு உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கும் புத்தகத்தில் முறை உண்டு. பொதுவாக, ஓட்டும் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி முக்காலியில் நிறுத்தி, பைபாஸைத் திறந்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை அழுத்துவார்கள். பிறகு பைபாஸை மூடி அதேபோல் செய்துவிட்டு எண்ணெய் அளவைப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்றும் நேரம் அது. பிள்ளைகளை ஷெட்டுப் பக்கம் விடாதீர்கள். தரையில் சிந்தியதற்கு மரத்தூள் போட்டுக் கூட்டுங்கள். பழைய எண்ணெயை ஓடையில் ஊற்றாதீர்கள், அந்தத் தண்ணீர் கீழே யாரோ ஒருவர் வீட்டுக்குத்தான் போகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒருவர் விரலில் புள்ளி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

உடனே வேலையை நிறுத்துங்கள். மோதிரம், கடிகாரம், கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மேலே ஒட்டிய எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிதுக்கி எண்ணெயை எடுக்கப் பார்க்காதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். வாயால் உறிஞ்சாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள், ஏற்கெனவே ரத்தம் போகாத விரலில் ரத்தக் குழாய் மேலும் சுருங்கும். வெந்நீரும் வேண்டாம். மணிக்கட்டில் இறுக்கிக் கட்ட வேண்டாம், இது பாம்புக் கடியல்ல. (பாம்புக் கடிக்கும் கட்டக் கூடாது, அதைப் பிறகொரு மாதம் எழுதுகிறேன்.) கோடாலித் தைலம், மஞ்சள் பத்து, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டி வரலாம், ஆகையால் அதற்குப் பிறகு எதையும் சாப்பிட வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். எண்ணெய் டின்னின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் போன்ற டிரஸ்ஸரிடம் வந்தால், "முள் குத்தியது" என்று சொல்லாதீர்கள். "அழுத்த எண்ணெய் தோலுக்குள்ளே போயிருக்கு" என்று சொல்லுங்கள். நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கையை அசையாமல் கட்டி, டெட்டனஸ் ஊசி போட்டு, கடிதம் எழுதி உடனே அனுப்புவேன். அந்த விரலில் மரத்துப்போகும் ஊசி போடமாட்டேன், யாரும் போட விடாதீர்கள்; அதுவும் உள்ளே இடத்தை நெருக்கும். இந்தக் காயத்துக்கு வைத்தியம் கத்திதான்: டாக்டர் திறந்து, எண்ணெயைக் கழுவி, செத்த சதையை எடுக்க வேண்டும். மாத்திரையால் ஆகாது.

திரிங்காப்பிலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போக பிரிஞ்சாங் வழியாகத்தான் இறங்க வேண்டும். பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் அந்தப் பாதையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் எப்படி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு அறுவை செய்யும் நிபுணர் வேண்டுமென்றால், கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு அனுப்புவார்கள், அது மலைப்பாதை. ஆறு மணி நேரம் என்பது கேட்பதற்கு நிறைய மாதிரி தெரியும். பிரட்டுக்கு வந்தபோது குத்தியதை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னால், அதில் பெரும்பகுதி போய்விட்டது. ஆகையால் போகும் முன்பே போன் பண்ணிச் சொல்லிவிட வேண்டும். வண்டியில்லையென்றால் 999.

இதே காயம் கிரீஸ் அடிக்கும் துப்பாக்கியாலும் வரும், டீசல் இன்ஜெக்டரைச் சோதிக்கும்போதும் வரும், காய்கறிக் கொல்லையில் இன்ஜின் வைத்து மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஹோஸ் கிழிந்தாலும் வரும். கடைசியில் சொன்னதில் உள்ளே போவது பூச்சிமருந்து என்பதால் டாக்டரிடம் மருந்தின் பெயரையும் சொல்ல வேண்டும்.

சூடான எண்ணெய் மேலே கொட்டிச் சுட்டுவிட்டால் அது வேறு. இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். கிச்சாப்பும் பற்பசையும் பூசாதீர்கள். கண்ணில் தெறித்தாலும் அதேபோல் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே வர வேண்டும். வேலை முடிந்து கையைப் பெட்ரோலால் கழுவும் பழக்கம் சிலருக்கு உண்டு. தோல் வெடித்துச் சொறி பிடிப்பது அதனால்தான்.

கடைசியாகச் சங்கத்து விஷயம். விரல் போன பிறகு அந்த ஓட்டுநர் பட்ட கஷ்டத்தில் பாதி, காலையில் நடந்தது வேலைக் காயமென்று எந்தப் புத்தகத்திலும் பதிவாகாததால் வந்தது. என் பதிவேட்டில் 'முள் குத்தியது' என்று நானே எழுதியிருந்தேன். வேலையிடத்தில் விபத்து நடந்தது தெரிந்ததும் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. கிடைத்தால், அந்த நாட்களுக்குச் சம்பளக் கணக்கில் நூற்றுக்கு 80 பங்கு வரும். விரல் போனால் நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகையைக் கேட்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு சொக்சோவிலேயே இருக்கிறது. நம்மோடு வேலை செய்யும் பங்களாதேஷ், இந்தோனேசியத் தோழர்களுக்கு இது தெரியாது, சொல்லுங்கள். "கசிந்தால் என்ன, ஓட்டு" என்று யாராவது சரிவில் ஏறச் சொன்னால், உடனடி ஆபத்துள்ள வேலையிலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமையுண்டு. 2024 ஜூன் முதல் அது வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அப்படி நேர்ந்தால் கிளைத் தலைவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட தம்பியின் டிராக்டரில் கசிந்தது பின்சக்கரத்து சீல். உள்ளே ஒரு முழம் பச்சை நைலான் கயிறு இருந்ததாம். பவுடர் தூவித்தான் கண்டுபிடித்தாராம். ஷெட்டுச் சுவரில் ஆணியடித்து, குச்சியில் கட்டிய அட்டையை அவர் தொங்கவிட்டிருக்கிறார். மற்ற ஷெட்டுகளிலும் ஓர் ஆணி அடிக்கலாம்.